பன்னிரண்டு தீபாவளி

பானுவுக்கு,

நவம்பர் 14, வெள்ளி, மதியம் 1.20. மில் கேன்டீனில் நாலாவது தடவையாகக் கூட்டிப் பார்த்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

வீட்டுக்கடனுக்கு மொத்த ஆண்டு வருமானம் கேட்டார்கள். வருஷம் முழுக்க வரும் சம்பளம், பிடித்தத்துக்கு முன்னால், அம்புட்டுதான். நான் அக்டோபர் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டேன். அதில் தீபாவளி போனஸ் சேர்ந்திருந்தது.

"ஏன் தம்பி, உங்க மில்லுல மாசாமாசம் தீபாவளியா?" என்று காலையில் பேங்க் மேனேஜர் சிரித்தார். கடன் குறைந்தால் வீட்டை வாங்கி முடிக்க முடியாது. உன் நகையை விற்றுக் கொடுத்த அட்வான்ஸும் போய்விடும். போனில் சொல்லப் பயம், பக்கத்தில் உங்கப்பா இருப்பார்.

மாத்திரையை மறக்காதே. எட்டாம் மாதம்.

1. சாயங்காலம் பேங்கில் சரியான தொகையை எழுதிக் கொடுப்பேன்.
2. வீடு விற்பவரிடம் தவணை கேட்பேன்.
3. ஞாயிறு ஒட்டன்சத்திரம் வாரேன். உங்கப்பாவிடம் நானே சொல்வேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திரு.

உன் புருஷன்