களைக் கணக்கு

அன்புள்ள சசிகலாவுக்கு,

மலை மேலிருந்து அர்ச்சுனன் எழுதுவது. நானும் ஆடு மாடுகளும் சுகம். நீ சுகமாக இல்லை என்பது, பக்கத்து வீட்டுக் குமரேசன் திருப்பத்தூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த உன் கடிதத்தில் தெரிந்தது. போனில் பேசலாம்தான். ஆனால் சிக்னல் கிடைப்பது கோயில் மேட்டில் மட்டும். அங்கே போனை எடுத்தால் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். நம் பேச்சு ஊருக்கு எதற்கு? அதனால் பத்தாவது படித்த கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் உன் விடுதிப் பிள்ளைகளிடம் காட்டிச் சிரிக்காதே.

சாமை அறுப்பு தொடங்கிவிட்டது. முதல் கதிரை வீட்டுப் பெண்தானே அறுக்கவேண்டும். ஊர்க்கவுண்டர் ரங்கசாமி வரப்பில் வந்து நின்று, "இன்னாடா அர்ச்சுனா, வூட்டுக்காரி இல்லாம எப்படிடா?" என்று கேட்டார். நர்ஸுக்குப் படிக்கப் போயிருக்கிறாள், பாதிக் கிணறு தாண்டியவளை யார் திரும்பக் கூப்பிடுவது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். உன் அரிவாளை எடுத்து நானே அறுத்தேன். சாமி கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன். புதுச் சாமை கொஞ்சம் குத்தி அனுப்பியிருக்கிறேன், தேனும் இருக்கிறது. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வெறும் கையோடு உட்காராதே, நீயும் தின்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறந்த குழந்தை உடனே அழவில்லை, முதுகைத் தேய்த்துவிடு என்று சிஸ்டர் உன் கையில் கொடுத்தார்கள், நீ அதை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடிவந்து குழாயடியில் உட்கார்ந்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குழந்தை அப்புறம் அழுததா என்று நீ எழுதவில்லை. நன்றாகவே அழுததாம், உன்னோடு படிக்கும் பெண் குமரேசனிடம் சொன்னாளாம். "இது களைக்கொட்டு பிடிக்கிற கை, கொழந்த பிடிக்கிற கை இல்ல, நான் வூட்டுக்கே வந்துடுறேன்" என்று முடித்திருக்கிறாய்.

சசி, குழாயடியில் எந்தக் குழந்தைக்காக அழுதாய் என்று எனக்குத் தெரியும். படித்ததும் எனக்கும் அழுகை வந்தது.

நீ எதையும் மறந்தவள் இல்லை. ஆனாலும் நீ ஏன் அங்கே போனாய் என்பதை ஒருமுறை எழுதிவிடுகிறேன். நம் பெண் உன் வயிற்றில் இருந்தபோது சென்டரில் நர்ஸம்மா தேதி கேட்டார். முதல் களை எடுத்த பிறகு தலைக்கு ஊற்றவில்லை என்று சொன்னாய். நம் மலைப் பெண்களுக்குத் தேதி ஏது, விதைப்பும் களையும் அறுப்பும்தானே. அவர் மலைக்குக் கீழே சந்தவாசல் பக்கத்துக்காரர், நல்லவர்தான். களை என்றால் ஆடியில் இருக்கும் என்று தாமாக எண்ணிப் பிரசவத் தேதியை அட்டையில் எழுதிவிட்டார். அந்த வருஷம் மழை முந்தி, வைகாசியில் விதைத்து ஆனியிலேயே நாம் களை எடுத்தது அவருக்கு எப்படித் தெரியும்? நமக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஸ்கேன் எடுக்க மலை இறங்கவும் இல்லை. பங்குனியில் புளி பொறுக்கும்போது வலி வந்தது. அட்டையில் இன்னும் நாள் இருக்கிறது, சூட்டு வலி என்று சொல்லி உன்னைப் படுக்கவைத்தோம். ஜீப் கிடைத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவில் பிறந்தாள். அழவே இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அடுப்பை ஊதிக்கொண்டே, "நம்ம கணக்கு தெரிஞ்சவ ஒருத்தி அந்த நாற்காலில ஒக்காரணும் மாமா" என்றாய். மறுநாளே பன்னிரண்டாவது சான்றிதழைத் தேடி எடுத்தாய். யாரும் உன்னைத் தள்ளவில்லை.

இப்போது இன்னொரு சேதி. குமரேசன் மனைவி ரஞ்சிதம் தலைமுழுகாமல் இருக்கிறாள். சென்டரில் தேதி கேட்டதற்கு வாயையே திறக்கவில்லையாம். என்னிடம் வந்து, "சசிகலாக்கா எண்ணிச் சொல்லட்டுங்க, அப்பறம் அட்டையில எழுதிக்கலாம்" என்கிறாள். பயம்தான். அந்த ஜீப்பில் உன் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்தானே. கேட்டு எழுதுகிறேன்: மேட்டுக்காட்டில் இரண்டாம் களை எடுத்து முடித்த வாரம் கடைசியாகத் தலைக்கு ஊற்றினாளாம். இந்த வருஷம் மழை பிந்தி, ஆடிப் பதினெட்டு கழிந்துதான் விதைத்தோம். எண்ணி, உன் டீச்சரம்மாவிடம் காட்டி, தேதியை எழுதிக் குமரேசனிடம் கொடு. ஸ்கேன் எடுக்க வரச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

பலாமரத்தடியில் நம் பெண் படுத்திருக்கும் இடத்தை ஆடு மிதிக்காமல் முள் வைத்திருக்கிறேன். சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் அங்கே உட்காருவேன். ஒரு ஆளுக்குக் களி கிண்ட எனக்கு இன்னும் பழகவில்லை, தினமும் மிஞ்சிவிடுகிறது.

நீ வந்தால் கதவைத் திறக்கமாட்டேன் என்று கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, அது பொய். நீ வாசலில் வந்து நின்றால், பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு உனக்கும் சேர்த்துக் களி போட்டுவிடுவேன். மறுபடி உன்னை அனுப்ப எனக்குத் தெம்பு இருக்காது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், வராதே சசி. அடுத்த குழந்தையை உன் கையில் கொடுத்தால் முதுகைத் தேய்த்துவிடு. அது அழும்வரை தேய்.

மலைச்சாமி உன் கைக்குத் துணை நிற்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
அர்ச்சுனன்