செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

சாவகச்சேரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பேப்பரில் வந்த வாள்வெட்டு எங்கள் கிளினிக்கில்தான் நடந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை, பயப்படாதீர்கள்.

காயத்துக்கு மருந்து கட்ட வந்த பெடியனைத் தேடி மூன்று பேர் வாளோடு வாசலில் நின்றார்கள். பழக்கதோஷத்தில், "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றுவிட்டேன். கழற்றிவிட்டே உள்ளே வந்தார்கள். அவனை என் மேசையில் அமுக்கித் தோளில் வெட்டினார்கள். இரத்தம் என் முகத்தில் தெறித்தது. பெடியன் பிழைத்துவிட்டான்.

ஓடிய அவசரத்தில் ஒருவன் என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுடையது வாசலில் கிடந்தது.

இன்று காலை அதைக் காணவில்லை. அந்த இடத்தில் என் செருப்பு கழுவி வைக்கப்பட்டிருந்தது. அதை நான் காலில் போடவில்லை.

மன்னார் பஸ்ஸில் ஒரு புதுச் சோடி கொடுத்துவிடுங்கள், அம்மா. நோயாளர் வரத் தொடங்கிவிட்டார்கள். நான் வாசலைப் பார்க்கவேண்டும்.

மகள் றெஜினா