நீராவிக் கப்பலுக்குக் குடும்ப ரிக்கற்

குட்மேய்ஸ், லண்டன்.
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு நண்பன் லெஸ்லிக்கு,

மெம்பிஸில் நீயும் வீட்டாரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் சுகம். என் மனிசி றோஸ்மலருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்னோடு கதைப்பதும் குறைந்திருக்கிறது. காரணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் வாயில் தூஷணம் வந்துவிடும்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கோடை ஒன்றுகூடல் இந்த முறை தேம்ஸ் நதியில் என்பது உனக்குத் தெரியும். அமெரிக்க நீராவிக் கப்பல் மாதிரிச் செய்த படகு. பின்னால் பெரிய சிவப்புத் துடுப்புச் சில்லு சுற்றும். அது வெறும் சோடினை, தள்ளுவது டீசல் எஞ்சின். நோட்டீசில் கோட் சூட்டோடு உன் படம், 'மிசிசிப்பிக் கரையிலிருந்து வருகை தரும் பிரதம விருந்தினர்' என்று. நீராவிக் கப்பல்களின் பொற்காலம் பற்றிப் பேசுவாயாம். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான்.

போன கிழமை கமிற்றிக் கூட்டத்தில்தான் சங்கதி தெரிந்தது. கைக்குழந்தையும் சேர்த்து நூற்றிருபது பேர்தான் ஏறலாம் என்று படகுக்காரர் சொல்லியிருக்கிறார்கள். தலைவர் கோபாலகிருஷ்ணன் விற்றிருப்பதோ எண்பது குடும்ப ரிக்கற். எங்கள் சனத்தின் குடும்ப ரிக்கற் எப்படியென்று உனக்குத் தெரியாததா? புருஷன், பெண்சாதி, பிள்ளைகள், மாமியார், சுவிஸிலிருந்து லீவுக்கு வந்த மச்சாள் எல்லோருக்கும் ஒன்று. எப்படி ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். படகு வெளிக்கிடுகிற வெஸ்ட்மின்ஸ்டரில் எண்ணித்தான் ஏத்துவினமாம். வழியில் கிரீனிச் துறையில் படகுக்குக் கயிறு கட்டுகிற ஆள் தனக்குப் பழக்கமாம், மிச்சப் பேர் அங்கே ஏறலாமாம். பிள்ளையள் என்ன பாரமே, மடியிலதானே இருக்கப் போகுதுகள் என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சீ! இதுகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று சொல்லவே அருவருப்பாக இருக்கிறது.

இன்னொன்றும் கேள். பாலத்துக்குக் கிட்டப் போனதும் எல்லோரும் மேல்தட்டில் ஒரே பக்கமாக வந்து நிற்க வேண்டுமாம். ட்ரோன் படம் எடுக்குமாம்.

லெஸ்லி, நான் உன்னிடம் வந்தபோது நீ மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிய பழைய போட்டோ நினைவிருக்கிறதா? சுல்தானா என்ற நீராவிக் கப்பல். அமெரிக்க உள்நாட்டுச் சண்டை முடிந்து, சிறையிலிருந்து விடுபட்டு வீட்டுக்குப் போன சிப்பாய்கள். நானூறு பேருக்கே இடமில்லாத கப்பலில் இரண்டாயிரத்துக்கு மேல் ஏற்றினார்கள். தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கொடுத்ததால் கப்டனுக்கு வாய் ஊறியது. கரையில் ஒருவன் கமராவை வைத்ததும் எல்லோரும் ஒரு பக்கமாக ஓடிவர, கப்பல் சரியப் பார்த்தது. அடுத்த நாள் விடியுமுன் ஒட்டுப் போட்ட கொதிகலன் வெடித்தது. ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். நதி தடம் மாறி, அந்தக் கப்பல் சோயாத் தோட்டத்துக்கு அடியில் கிடக்கிறது என்று நீதான் கை காட்டினாய். கடைசியில் ஒருவருக்கும் தண்டனையில்லை என்றும் சொன்னாய். பிறகு காருக்குள் வந்து, சாவியைத் திருப்பாமல் நெடுநேரம் இருந்தாய்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். கொதிகலனே இல்லாத கப்பலுக்கு ஏன் பயப்பிடுறியள் அண்ணை என்று கேட்டார் கோபாலகிருஷ்ணன். நான் பஸ் ஓட்டுகிறவன். ஆள் கூடினால், கூடினவர்கள் இறங்கும்வரை பிரேக்கை எடுக்கமாட்டேன். படகுக்காரருக்கு அறிவிப்பேன் என்றேன். அன்றிலிருந்து எனக்குக் காட்டிக்கொடுக்கிறவன் என்று பெயர். ஒன்றுகூடலுக்கென்று ஈஸ்ட் ஹாமில் சீலை எடுத்து வைத்திருக்கும் றோஸ்மலரும், நல்ல காரியத்துக்குக் குறுக்க நிக்காதேங்கோ என்கிறாள்.

அறிவிக்கத்தான் போகிறேன். ஆனால் நான் அறிவித்தால் வேறு படகு பிடிப்பார்கள், இந்தப் புத்தி மாறாது. நீ சொன்னால் கேட்பார்கள்.

எங்கள் ஊர்ச் சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்கு ஓடிய அன்று, பேசாலைக் கரையில் அந்த வள்ளக்காரனும் இதையேதான் சொன்னான், மடிப் பிள்ளை கணக்கில்லை என்று. நீயும் ஏறினாய், நானும் ஏறினேன். உன் தங்கச்சி றூபினி அம்மாவின் மடியில் இருந்தாள். தனுஷ்கோடி மணலில் அம்மா வெறும் மடியோடு இறங்கினா. இத்தனை வருடமாக நாங்கள் இரண்டு பேரும் அதைக் கதைத்ததில்லை.

மேடையில் பொற்காலத்தைப் பேசு, வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் கோபாலகிருஷ்ணனுக்குப் போன் எடுத்து, பிள்ளைகளையும் எண்ணாவிட்டால் நான் ஏறமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லடா. மாதா உன்னோடு இருக்கட்டும். றூபினியைக் கணக்கில் எடுக்க உன்னையும் என்னையும் விட்டால் வேறு ஆர் இருக்கினம்?

உன்னோடு ஒரே வள்ளத்தில் வந்த
பெனடிக்ற்