தொட்டிக்கு வந்த மஞ்சள் மீன்

மாதுங்கா,
பம்பாய்-19
8-2-1966

சிரஞ்சீவி ஜம்புவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நான், உன் அம்மா, தொட்டியில் நாலு மீன் எல்லோரும் சௌக்கியம். கல்கத்தாவில் நீயும் சௌபாக்கியவதி ருக்குவும் சௌக்கியமாக இருப்பதற்கு உடனே எழுதவும்.

பம்பாய்க்கே மாற்றல் என்று நீ எழுதியதைப் படித்ததும் உன் அம்மா கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கித் தானும் ஒரு தடவை படித்தாள், ஆனால் செம்பூரில் தனி வீடு பார்க்கட்டுமா அல்லது நம் வீட்டுக்கே வரட்டுமா என்று கேட்டிருந்த இடம் வந்ததும் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், பத்து நாள் இருப்பதாக வந்த நீங்கள் நாலாம் நாளே கிளம்பியதை அவளும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. ருக்கு பாவம், ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான் சமையலறை அலமாரியை ஒழித்துத் துடைத்து டப்பாக்களை வேறு மாதிரி அடுக்கினாள். காபி ஃபில்டரைக் காணாமல் உன் அம்மா, "இருபத்தாறு வருஷமா என் கை போற எடத்துல இருந்துது, இனிமே இந்த ஆத்துல நான் விருந்தாளியா?" என்று அழுதது அந்தப் பெண் காதில் விழுந்துவிட்டது. இருவர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான்.

ரிடையர் ஆனதிலிருந்து எனக்குப் பிடித்திருக்கும் கடல் மீன் பைத்தியம் உனக்குத் தெரியும். முதலில் நம் பித்தளைக் குடத்திலேயே கடல் தண்ணீர் மொண்டு வந்து இரண்டு மீனைச் சாகடித்தேன், பித்தளை ஆகாதாம். இப்போது சாசூன் டாக்கில் படகு வேலை பார்க்கும் நாகூர் மீரான், தாராவிக்காரர், ஞாயிறுதோறும் கண்ணாடி ஜாடியில் கடல் தண்ணீர் கொண்டு தருகிறார். போன மாதம் அவரே சின்னதாக ஒரு மஞ்சள் மீனும் கொண்டு வந்தார். தொட்டியில் ஏற்கெனவே இருந்த மூன்றில் கறுப்புக் கோடு போட்டது ஒன்று, கல் அத்தனையும் தன்னுடையது என்று நினைப்பு அதற்கு. அது விரட்டிய விரட்டலில் மஞ்சள் மீனின் வால் கிழிந்தே போயிற்று. உன் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. மீனுக்குப் போடும் இறாலை நான் தொட்டுவிட்டால் குளித்த பிறகுதான் காபி தருகிறவள், முக்காலியைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்து விசிறிக் காம்பால் கண்ணாடியைத் தட்டி அந்தக் கோட்டு மீனை அதட்டிக் கொண்டிருந்தாள். அதைக் கடலிலேயே விட்டுவிடலாம் என்றேன் நான். மீரான் பார்த்துவிட்டு, "அது மேல தப்பு இல்லய்யா, அது வீட்ட அது பாக்குது. கல்லு பூராத்தையும் வெளிய எடுத்து எடம் மாத்திப் போடுங்க. அப்ப ரெண்டுக்கும் புது வீடுல்லா?" என்றார். அப்படியே செய்தோம். அரை நாள் கோட்டு மீனும் திக்குத் தெரியாமல் சுற்றியது, மஞ்சளும் சுற்றியது, மறுநாள் ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டன. எப்போதாவது ஒரு துரத்தல் உண்டு, அவ்வளவுதான்.

நேற்று மார்க்கெட்டிலிருந்து வருகிறேன், சமையலறைச் சாமான் முழுவதும் கூடத்தில் கிடக்கிறது. உன் அம்மா தன் அலமாரியைத் தானே காலி செய்துகொண்டிருந்தாள். அரிசி டின் ஜன்னலடிக்குப் போயிற்று, அடுப்பு மேடையில் இருந்ததெல்லாம் அலமாரிக்கு ஏறிற்று, நடுத் தட்டு மட்டும் காலி, அது ருக்குவுக்காம். இதெல்லாம் என்ன என்றால், "அவளுக்கு மட்டும் எல்லாம் புதுசா இருந்தா நன்னாவா இருக்கும்? நேக்கும் புதுசா இருக்கட்டும்" என்கிறாள். நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஆகையால் செம்பூரில் வீடு பார்க்காதே. சண்டையே வராது என்று எழுதித் தர என்னால் முடியாது, வந்தால் நாலாம் நாள் கிளம்ப வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை ருக்குவுக்கும் படித்துக் காட்டு. ரயிலில் கூஜாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், தாதரிலேயே இறங்கிவிடுங்கள், நான் வந்து நிற்பேன். உங்கள் இருவருக்கும் அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும். இன்று காலை எனக்குக் காபி அரை மணி தாமதம். ஃபில்டரை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, தேடித் தேடிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள், "இருக்கட்டும், ருக்கு வந்தா ரெண்டு பேருமா தேடிக்கறோம்" என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
வெங்கடராமன்