மெல்லாத கோலாக் கொட்டை

என் அக்காவுக்கு,

கெனிமாவில் சித்தி வீட்டில் உன் குட்டிப் பையன் உன்னைத் தூங்க விடுகிறானா? இதை உடனே படி.

குழந்தை பெற்ற மாணவிகளும் பள்ளிக்குத் திரும்பலாம் என்று தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து வந்த அரசாணை, இரண்டு மாதமாகத் தலைமையாசிரியர் மேசையில் கிடந்தது அல்லவா? நேற்று அதற்காக ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் நடந்தது.

"அமைச்சர் அங்க உக்காந்து எழுதிட்டாரு. இங்க மத்த பொண்ணுங்களும் கெட்டுப்போகுமே ஐயா!" என்றார் தலைமையாசிரியர். தலைவரும் ஆமென்று தலையாட்டிவிட்டு, வழக்கம்போல் கூட்டத்தை முடிக்கக் கோலாக் கொட்டையைப் பிட்டுக் கொடுத்தார். எல்லோரும் மென்றார்கள். பெண்கள் தலைவி யேபு மட்டும் தன் துண்டை உள்ளங்கையிலேயே வைத்திருந்தார்.

"கடிம்மா. நீயும் தின்னாத்தானே முடிவு செல்லும்?" என்றார் தலைவர்.

"பல்லு வலிக்குது தலைவரே. அந்தப் பொண்ணு பேரைப் பதிவேட்டுல எழுதினா சரியாயிடும்."

யேபுவோடு வந்திருந்த சந்தைப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வாயிலிருந்த கொட்டையைத் துப்பினார்கள். தலைவர் அவர்களைக் கண்ணாலேயே எண்ணினார். அடுத்த மாதத் தேர்தலில் அவருடைய தம்பி நிற்கிறார்.

"எழுதுங்க வாத்தியாரே" என்றார்.

நம் குடிமையியல் புத்தகத்தில் இதெல்லாம் இல்லை அக்கா! எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

திங்கட்கிழமை வந்துவிடு. உன் சீருடையின் இடுப்புத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் அகலமாக்கி வைத்திருக்கிறேன்.

உனக்காக முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கும்,
உன் தங்கை