உன் குட்டி டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய சங்கிலி

என் பிரியமுள்ள மச்சான் தாமசுக்கு,

நீ போனபிறகு உனக்கு நல்ல சேதியாக ஒன்று எழுதலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்ததெல்லாம் குமட்டல்தான். அதையே எழுதுகிறேன், கூட நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தோட்டத்தில் மேல்பாதிக்குத்தான் போர் தண்ணீர் எட்டும், கீழ்பாதியில் சப்போட்டாக் கன்றுகள் காய்ந்து நிற்கும் என்பது உனக்குத் தெரியும். குழாய் பதிக்கிறேன், பதிக்கிறேன் என்று வருஷா வருஷம் சொன்னாய். பதித்தாயா? எங்கள் அப்பா என் தங்கை பிலோமினாவுக்குச் சீராகக் கொடுத்த நிலம் அது. இந்தக் கோடைக்குள் கீழே தண்ணீர் போகாவிட்டால் விற்றுவிடலாம் என்று உன் மகன் பிரவீன் அவளிடம் வாக்கு வாங்கிவிட்டான். தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பள்ளம் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. பிரவீன் பெங்களூரில் உட்கார்ந்தபடி, ஃபோனில் படம் பார்த்து ஒரு டிரெஞ்சர் வாங்கி அனுப்பினான். நீளமான இரும்புக் கை, அதைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. டிராக்டரின் பின்னால் மாட்டினால் மண்ணைக் கடித்துக்கொண்டே போகுமாம்.

"எந்த டிராக்டருக்கும் ஃபிட் ஆகும்னு கடைக்காரர் சொன்னாரு மாமா," என்றான். எந்தக் காலுக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒருவன் செருப்பு விற்றால் வாங்குவானா அவன்? உன் டிராக்டருக்கு என்ன வயது என்றுகூடக் கேட்காமல் வாங்கியிருக்கிறான்.

வந்து இறங்கியதும் மாட்டிப் பார்த்தார்களா? இல்லை. முதலில் பூஜை. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி மாலை போடும் வழக்கத்தை வேதக்கார வீட்டில் ஆரம்பித்துவைத்த புண்ணியவான் நீதானே? உபதேசியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அவர் நகர்ந்ததும், மாட்டிக்கொடுக்க வந்திருந்த மெக்கானிக் சந்தனம் குங்குமம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயை உடைத்தான். பூஜைக்கென்று பெங்களூரிலிருந்து வந்திருந்த பிரவீன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான்.

பிறகுதான் மாட்டினார்கள். உன் டிராக்டரின் தூக்குக் கையில் இருக்கும் ஓட்டை சிறியது, அதில் நுழையவேண்டிய புது இயந்திரத்தின் முளை தடிமன். திருப்பி அனுப்பலாம் என்று நான் கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். பிரவீன் அனுப்பிய வீடியோவை அவரும் பார்த்திருக்கிறார். "பூஜே ஆகிதே சார், வாபஸ் தகொளல்லா," என்று வைத்துவிட்டார். குங்குமம் வைத்த இரும்பைத் திரும்ப எடுக்கமாட்டாராம். அந்தப் பூசணிக்காயை என் தலையில் உடைத்திருக்கலாம்.

மெக்கானிக் கேஸ் கட்டரை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்கினான். பெயிண்ட் கருகி நாறியது. நீ ஒரு கீறல் விழவிடாமல் வைத்திருந்த வண்டி, மச்சான். பிலோமினா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கே நின்றவர்கள் எல்லாரையும் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஓட்டிப் பார்த்தார்கள். பழைய வண்டி, எவ்வளவு கீழ் கியரில் போட்டாலும் நடைவேகத்துக்குக் குறைந்து போகாது. சங்கிலிக்கோ எறும்பு வேகம் வேண்டும். வண்டி இழுக்க, சங்கிலி மண்ணில் மாட்டித் திணற, நடுவில் இருந்த சின்ன போல்ட் ஒடிந்தது. மாற்றினார்கள். மறுபடி ஒடிந்தது. கியர் உடையாமல் இருக்க ஒடியட்டும் என்றே போட்ட போல்ட் அது. மெக்கானிக் அதற்குப் பதில் கெட்டியான ஸ்டீல் போல்ட் ஒன்றை முறுக்க ஆரம்பித்தான்.

"அதப் போடாதேப்பா, கியர்பாக்ஸ் போயிடும்," என்றேன்.

"போனா போகட்டும் மாமா. எப்படியும் பழைய இரும்புக்குத்தானே போடப்போறோம்," என்றான் பிரவீன், ஃபோனைப் பார்த்தபடியே.

பிலோமினா நேராகப் போய் டிராக்டர் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒடைக்கணும்னா ஒன் காரை ஒடை, ஹோகு," என்று போகச் சொல்லி விரட்டினாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிரவீன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் நானும் அவளும் மட்டும். உன் ஷெட்டில் சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கிற செயின் புல்லி கிடந்தது. அதன் ஒரு கொக்கியை எதிரே இருந்த தென்னையிலும் இன்னொன்றை டிராக்டரின் மூக்கிலும் மாட்டினேன். கியரை நியூட்ரலில் போட்டோம். எஞ்சின் டிரெஞ்சர் சங்கிலியை மட்டும் சுற்றியது. வண்டியை நான் முன்னால் கையால் இழுத்தேன், விரற்கடை விரற்கடையாக. அவள் சீட்டில் உட்கார்ந்து கிளட்சைப் பார்த்துக்கொண்டாள். போல்ட் ஒடியவில்லை. பள்ளம் நூல் பிடித்தமாதிரி விழுந்தது.

பென்ஷன் வாங்குகிற கிழவன் செய்கிற வேலையா இது? ஒவ்வொரு இழுப்புக்கும் உன்னையும் உன் மகனையும் திட்டினேன். உள்ளங்கை உரிந்தது. மரத்துக்கு மரம் கொக்கியை மாற்றிக்கொண்டு, கோடை முற்றுவதற்குள் கீழ் வரப்பைத் தொட்டுவிட்டோம். குழாய் பதித்தோம். தண்ணீர் வந்தபோது அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து பிரவீன் புரோக்கரோடு வந்தான். பிலோமினா வால்வைத் திறந்துவிட்டு, "நீர் பந்திதே. நீவு ஹோகி," என்று அவரை அனுப்பப் பார்த்தாள். தண்ணீர் வந்துவிட்டது, நீங்கள் போகலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். பிரவீன் காருக்குப் போய்விட்டான்.

புரோக்கர் போகவில்லை. தலையைச் சொறிந்தபடி எங்கள் இருவரிடமும் சொன்னார், "அம்மா, என்னை மொதல்ல கூப்பிட்டது ஒங்க பையன் இல்ல. ஒங்க எஜமானரு, ஒங்க வீட்டுக்காரரு. ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடியே ரேட் பேசிட்டாரு."

மச்சான்! இத்தனை நாளும் உன் வண்டிக்காக, உன் பெயருக்காக என்று எண்ணியல்லவா இழுத்தேன்? குழாய் போடாமல் நீ தள்ளிப்போட்டதற்கு இதுதான் காரணமா? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? எல்லார் மேலும் காறித் துப்பினேன், கடைசியில் எச்சில் உன் மேலும் விழுகிறது.

பிலோமினாவைப் பார்த்தேன். அவள் முகம் மாறவே இல்லை.

"தெரியும்ண்ணா," என்றாள். "அவரு இருந்திருந்தா அவருகிட்டயும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

கல்லறைத் திருநாளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன், மச்சான். மெழுகுவர்த்தியை அவள் ஏற்றட்டும். அவள் கிளம்பியபிறகு நான் இருந்து உன்னைக் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் போவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
பிலோமினாவின் அண்ணன், அதற்குப் பிறகுதான் உன் மச்சான்,
சவரி