தற்போது வீடுகள் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

மணக்காட்டு வீட்டுக்காரர் பொய்யர். வீடு காலியாகத்தான் இருக்கிறது. போனில் நான் மலையாளத்தில் பேசியபோது, "வந்நு கண்டோளூ" என்று வந்து பார்க்கச் சொன்னார். ஞாயிறன்று நேரில் போனதும், கூட வந்த அப்பாவைத்தான் பார்த்தார். தோளில் துண்டு, மூட்டை சுமந்து தேய்ந்த சட்டை. "நாடு எவிடெயா?" அப்பா, சொந்த ஊர் சங்கரன்கோவில் என்றார். நான் பிறந்தது இந்த மலையாள ஊரில்தான் - அது யாருக்கு வேண்டும்? "அய்யோ, வீடு இன்னலெ கொடுத்து போயல்லோ."

அதற்கு முந்தின நாளே கொடுத்துவிட்டாராம். இன்று பஸ்ஸிலிருந்து பார்த்தேன். வாடகைக்கு என்ற போர்டு அப்படியே தொங்குகிறது.

ஆரியசாலையில் நாங்கள் இருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்கள். இந்த மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். எங்கே போவது?

ஜூன் 5

ஆபீஸில் வாடகை வீடு தேடும் வெப்சைட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதுவது எனக்குப் பிடிக்கும். பக்கம் முன்கூட்டியே தயாராக இருக்காது. ஆள் வந்து கேட்ட பிறகு, அவன் யார், என்ன கேட்கிறான் என்று பார்த்து, சர்வர் கம்ப்யூட்டர் அவனுக்கென்று ஒரு பக்கத்தைச் சுட்டு அனுப்பும். தோசை மாதிரி. சாப்பிடுகிறவனுக்குத் தோசைதான் வரும், சமையலறை தெரியாது.

சர்வருக்கு அப்பாவின் துண்டு தெரியாது. அது ஒரு நிம்மதி.

'தொடர்புக்கு' பக்கமும் முடிந்தது. எதையாவது எழுதி அனுப்பினால், "நன்றி, விரைவில் அழைக்கிறோம்" என்று வரும். அந்தச் செய்தி எந்த மெயிலுக்குப் போக வேண்டும் என்று முதலாளி கைலாஷ் சாரிடம் கேட்டேன். "அதெல்லாம் அப்பறம். முதல்ல நன்றி வரட்டும்டா."

ஜூன் 9

வீடு தேடுகிறவர்களிடம் சொந்த ஊரும் தொழிலும் எதற்குக் கேட்கிறோம் என்று இன்று கைலாஷ் சார் கூப்பிட்டபோது புரிந்தது.

"இசக்கி, ஓனர் பக்கத்துல 'யாருக்குத் தர மாட்டீர்கள்'னு ஒரு கேள்வி சேர்த்துடு."

"அதை வீடு தேடுறவங்களுக்குக் காட்டணுமா சார்?"

"பைத்தியமா நோக்கு? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேஸ்புக்ல போட்டுடுவான். அவனுக்கு அந்த வீடு லிஸ்ட்லயே வரப்டாது. சர்வர்லயே முடிச்சுடு. ஒருத்தனும் அறிய மாட்டான், கேட்டியா?"

"தப்பு சார்."

"ஓனர்களைத் திருத்தவா நான் கம்பெனி நடத்தறேன்? போடா, வேலையைப் பாரு."

ஜூன் 10

எழுதிவிட்டேன். வேலை இல்லாதவனுக்கு எவன் வீடு தருவான்?

ஜூன் 13

கூட வேலை பார்க்கும் ஸ்நேகா சைட்டை டெஸ்ட் செய்தாள். தன் விவரத்தைக் கொடுத்தாள் - திருச்சூர், ஐ.டி. பக்கம் நிறைய வீடுகள். மணக்காட்டு வீடும் இருந்தது! பிறகு, "எடா, உன் அச்சன் டீடெயில்ஸ் சொல்லு" என்றாள். அப்பா விவரத்தைச் சொன்னேன் - சங்கரன்கோவில், சுமை தூக்குபவர். பக்கத்தில் வந்தது: 'தற்போது வீடுகள் இல்லை.'

"சூப்பர்டா, கரெக்டா வொர்க் ஆகுது" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். ஒரு பிழையும் இல்லை. பாஸ்.

ஜூன் 16

சைட் இன்று திறந்தது. அப்பா விவரத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு அம்மா போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏலே, மவன் கட்டுன சைட்டுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தேன். இதுல ஒத்த வீட்டையும் காணுமே?"

"வீடு காலி இல்லம்மா."

"இம்புட்டுப் பெரிய ஊருலயா?"

மணக்காட்டுக்காரர் சொன்ன அதே பொய். அந்த ஆளாவது போர்டைக் கழற்றாமல் விட்டார். நான் அதையும் கழற்றிவிட்டேன்.

ஜூன் 18

காலையில் புரோகிராமை மாற்றினேன். மறைத்த வீடுகளெல்லாம் இப்போது வரும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி: 'இவர் உங்களுக்குத் தர மாட்டார். காரணம்: உங்கள் சொந்த ஊர்.' அல்லது 'உங்கள் தொழில்.' நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. ஓனர்கள் தங்கள் கையாலேயே டிக் அடித்தது. சமையலறைக் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் ஆபீஸ் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 19

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"இருக்கறதைத்தான் சார் காட்டினேன்."

"உன்னை ஆருடா காட்டச் சொன்னா?"

பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். என் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் கைலாஷ் சார். ஸ்நேகா நிமிர்ந்து பார்க்கவில்லை. படி இறங்கும்போது வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து, 'நீ செய்தது சரி.' தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைவதற்குள் அதையும் அழித்துவிட்டாள்.

ஜூன் 30, திங்கள்

விழிஞ்ஞத்துக்குக் குடிவந்துவிட்டோம். ஒற்றை அறை, கடற்காற்றில் துருப்பிடித்த ஜன்னல். அம்மா வீடுவீடாகக் கேட்டுப் பிடித்தது. வீட்டுக்காரம்மா மீன் விற்கிறவள். நாடு எவிடெ என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் வருகிற நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா சுமை தூக்க முதல் பஸ்ஸில் ஆரியசாலைக்குக் கிளம்பிவிட்டார். பாத்திர மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை.

சைட்டைத் திறந்து அப்பா விவரத்தைக் கொடுத்தேன். 'தற்போது வீடுகள் இல்லை.'

'தொடர்புக்கு' பக்கத்துக்குப் போனேன். மறைத்து வைத்திருக்கும் வீடுகளைக் காட்டுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

'நன்றி, விரைவில் அழைக்கிறோம்.'

நான் எழுதிய வரி. செய்தி எந்த மெயிலுக்கும் போகாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மறுபடியும் அனுப்பினேன்.

மறைத்து வைத்திருக்கும் வீடுகளைக் காட்டுங்கள்.